இணையவழிச் சுயதொழில் வருமானத்துக்கு வரி கட்டும் முறை: தொடக்க நிலையினருக்கு

இணையத்தின் வழியே எழுத்து, வடிவமைப்பு, நிரலாக்கம், பயிற்றுவித்தல் போன்ற பணிகளைச் செய்து சம்பாதிப்பவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் வரி விஷயத்தில் உள்ள முக்கிய வேறுபாடு ஒன்றுதான். சம்பளக்காரரின் வரியை நிறுவனமே பிடித்துக் கட்டிவிடுகிறது. சுயதொழில் செய்பவரோ தாமே கணக்கெழுதி, தாமே கணித்து, தாமே கட்ட வேண்டியிருக்கிறது. ஏய்ப்பதற்கான வாய்ப்பும் இதே இடத்தில்தான் திறக்கிறது என்பதால், நேர்மை பற்றிய கேள்வியைத் தனியாக ஒதுக்கி வைக்காமல், அது எழுகிற படியிலேயே பார்த்துக்கொண்டு போவோம்.

முதல் படி, எந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது. வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார், பணம் எந்தக் கணக்கில் வந்து விழுகிறது என்பவற்றைக் காட்டிலும், நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுகிறீர்கள் என்பதே பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கிறது. ஓராண்டில் 183 நாட்கள் தங்கியிருப்பது பல நாடுகளில் அளவுகோலாக உள்ளது. எனினும் அது ஒன்று மட்டுமே அளவுகோல் அன்று. அமெரிக்கா தன் குடிமக்கள் உலகில் எங்கு வசித்தாலும் அவர்களைத் தன் வரிக் கணக்குக்குள் வைத்திருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினால், பிடித்தத்துக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி விதிக்காமலிருக்க அவை செய்துகொள்ளும் இரட்டை வரி விதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் கீழ் அதைக் கழித்துக்கொள்ள வழி இருந்தாலும், சான்றிதழ் இல்லாமல் அந்தக் கோரிக்கை நிற்காது.

இரண்டாம் படி, வரவை எழுதுவது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. ஒரு வேலைக்கு வாடிக்கையாளர் 1,000 டாலர் செலுத்துகிறார். வேலை தேடித்தந்த இணையதளம் 200 டாலரைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றத்துக்கு 30 டாலர் போகிறது. வங்கிக் கணக்கில் 770 டாலர் வரவாகிறது. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் பலரும் 770 என்றே சொல்வார்கள். ஆனால் கணக்கில் 1,000 டாலரை வரவாகவும், 230 டாலரைச் செலவாகவும் எழுதுவதே முறையானது. லாபம் இரண்டிலும் ஒன்றுதான். இருப்பினும், ஜி.எஸ்.டி. போன்ற மறைமுக வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வரம்பை நீங்கள் எட்டிவிட்டீர்களா என்பது மொத்த விற்றுவரவை வைத்தே பார்க்கப்படும். அந்த இணையதளம் அரசுக்கு விவரம் அனுப்பும்போது அதில் இருக்கும் தொகையும் உங்கள் கணக்கில் இருக்கும் தொகையும் பொருந்தாமல் போகவும் கூடும்.

இன்வாய்ஸ் எண், தேதி, வாடிக்கையாளர், தொகை, அன்றைய நாணய மாற்று விகிதம் ஆகிய ஐந்தும் ஒரு விரிதாளில் இருந்தால் போதும். இதற்கென மென்பொருள் வாங்குவது தொடக்கத்தில் வீண் செலவு. எந்த நாளின் மாற்று விகிதத்தை எடுக்க வேண்டும் என்பதற்கு உங்கள் நாட்டின் விதி என்ன சொல்கிறதோ அதை ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் வசதியான நாளைத் தேடுவது கணக்கைத் திரிப்பதாகும்.

“எனக்கு எந்தப் படிவமும் வரவில்லை, ஆகவே வரி இல்லை” என்று சிலர் நம்புகிறார்கள். படிவம் வருவது வேறு, வரி கட்டும் கடமை வேறு. அமெரிக்காவில் சுயதொழிலின் நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். போதாததற்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி முதல் இணையதளங்கள் தங்கள் வழியே சம்பாதிப்பவர்களின் விவரங்களை வரித்துறையிடம் அளிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது.

மூன்றாம் படி, செலவைக் கழிப்பது. தொழிலுக்காகச் செய்த செலவைக் கழிப்பதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. வரி லாபத்தின் மீதுதான் விதிக்கப்படுகிறது. மடிக்கணினியைப் பாதி நேரம் வேலைக்கும் பாதி நேரம் படம் பார்க்கவும் பயன்படுத்தினால், பாதிச் செலவை மட்டும் எழுதுங்கள். அந்தப் பாதியையும் பல நாடுகளில் தேய்மானமாகச் சில ஆண்டுகளுக்குப் பிரித்தே கழிக்க முடியும். குடும்பத்தில் ஒருவர் உண்மையாகவே வேலை செய்தால், அதற்குரிய ஊதியத்தை விதிகளுக்கு உட்பட்டுக் கொடுத்துச் செலவாகக் காட்டலாம். எதுவும் செய்யாதவர் பெயரில் ஊதியம் எழுதி வருமானத்தைப் பிரிப்பது ஏய்ப்பு. நான் வைத்திருக்கும் சோதனை எளியது: நடந்த அனைத்தும் அதிகாரிக்குத் தெரிந்த பிறகும் அந்தச் சலுகை நிற்குமா? நின்றால் அது சட்டத்துக்கு உட்பட்ட சேமிப்பு. மறைத்தால்தான் நிற்கும் என்றால் ஏய்ப்பு.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிலம் இருக்கிறது. பிரிட்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன், தம் தோட்டக்காரர் உள்ளிட்ட பணியாளர்களுக்குத் தரும் பணத்தை ஊதியமாக அல்லாமல் ஒப்பந்தப் பத்திரத்தின் வழியே தருவதாகக் காட்டி வரியைக் குறைத்தார். அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1935-இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எழுத்தில் இருப்பது சரியாக இருந்தால் போதும் என்ற அந்தப் போக்கு நெடுங்காலம் நீடித்தது. பின்னர், 1981-இல் ராம்சே வழக்கில் அதே சபையும், 1985-இல் மெக்டவல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும், வரியைக் குறைப்பதைத் தவிர வேறு நோக்கமில்லாத செயற்கை ஏற்பாடுகளை அப்படியே ஏற்க மறுத்தன. சட்டத்தின் சொல்லுக்கு மட்டும் பொருந்தி, அதன் நோக்கத்தைத் தோற்கடிக்கும் ஏற்பாடு நேர்மையானது அன்று என்றே நான் கருதுகிறேன். ஓய்வூதியச் சேமிப்புக்கு அரசே அளிக்கும் கழிவைப் பயன்படுத்துவது இதில் சேராது; மக்கள் அப்படிச் சேமிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்தக் கழிவு தரப்படுகிறது!

நான்காம் படி, பணத்தை ஒதுக்குவது. ஒவ்வொரு தொகையும் வந்த அன்றே அதில் கால் பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முதலாண்டின் உண்மையான வரியைப் பார்த்த பிறகு விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம். வருமான வரியோடு சமூகப் பாதுகாப்புக்கான தொகையும் சேரும் நாடுகளில் கால் பங்கு போதாமல் போகும். அமெரிக்காவில் அது மட்டுமே சுயதொழில் வருமானத்தின் மீது 15.3 விழுக்காடு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வரியை ஆண்டுக்கு நான்கு தவணைகளில் முன்கூட்டியே கட்டும் முறை இருக்கிறது. தவணையைத் தவறவிட்டால், ஆண்டு முடிவில் முழுத் தொகையையும் கட்டினாலும் வட்டியோ அபராதமோ விழலாம்.

கடைசிப் படி தாக்கல். மேலே சொன்னவை ஒழுங்காக இருந்தால் இது ஒரு மாலை நேர வேலை. வெளிநாட்டு வருமானமோ இரட்டை வரி ஒப்பந்தத்தின் கீழான கழிவோ இருந்தால், முதல் ஆண்டு மட்டுமாவது ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். தாக்கல் செய்த நகலையும் ரசீதுகளையும் உங்கள் நாடு குறிப்பிடும் காலம் வரை பாதுகாக்க வேண்டும்.

முந்தைய ஆண்டுகளின் வருமானத்தைக் காட்டாமல் விட்டவர்கள், இந்த ஆண்டு முதல் மட்டும் சரியாகக் கட்டிவிட்டுப் பழையதை மறந்துவிடலாம் என்று எண்ணுவதுண்டு. புதிதாகத் தாக்கலாகும் பெரிய தொகையே பழைய ஆண்டுகளைப் பற்றிய கேள்வியை எழுப்பும். நோட்டீஸ் வருவதற்கு முன்பு தாமாக முன்வந்து தெரிவிப்பவருக்குப் பல நாடுகளில் அபராதம் குறைக்கப்படுகிறது. ஆகவே வங்கி அறிக்கைகளை ஆண்டுவாரியாக எடுத்து, மேலே சொன்ன ஐந்து விவரங்களையும் நிரப்பி, பழைய ஆண்டிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள்.