இடிப்பதா, திருத்துவதா? வன்னியின் பழைய கட்டடங்களில் நாம் விடும் பிழைகள்

வன்னியில் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக இரண்டு பதில்தான் வரும். "உதை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுங்கோ" என்பது ஒன்று. "அதிலை கை வைக்காதேங்கோ" என்பது மற்றது. இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே கடை வைத்திருப்பவரையோ குடியிருப்பவரையோ கேட்டிருக்கவும் மாட்டார்கள். முடிவு முதலில் வந்துவிடுகிறது, காரணம் பிறகு தேடப்படுகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

"எங்களிட்டைப் பழசு எங்கை இருக்கு?"

இது அடிக்கடி கேட்கும் கேள்வி. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கிளிநொச்சி நகரம் 1996 இல் ஒருமுறை, 1998 இல் மறுமுறை, 2009 ஜனவரியில் கடைசியாகக் கைமாறியது. ஒவ்வொரு முறையும் கூரையும் சுவரும் போயின. முல்லைத்தீவுக் கரையை 2004 இல் கடல் கொண்டுபோனது, மிஞ்சியதைப் போர் கொண்டுபோனது. அதனால் இங்கே இருப்பதெல்லாம் புதுக் கட்டடம், பழசைப் பற்றிய கவலை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள்.

அது சரியல்ல. கட்டடத்தின் முதுமை அதன் வயதில் மட்டும் இல்லை. போருக்குப் பின் இந்திய உதவியில் வந்த வீடமைப்புத் திட்டத்தின் பெரும் பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. அதில் கட்டிய வீடுகள் பத்து மாரியைத் தாண்டிவிட்டன. அந்தக் காலத்தில் சீமெந்துக்கும் மணலுக்கும் கூலிக்கும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போட்டி போட்டன. முற்றத்திலேயே அரிந்த சீமெந்துக் கல் இறுகுவதற்கு ஒழுங்காகத் தண்ணீர் விட முடியவில்லை. கம்பியை மூடி ஓர் அங்குலம்கூடக் கொங்கிறீட் இல்லாமல் வாசல் பிளாட், அதாவது வாசலுக்கு மேலே நீட்டும் கொங்கிறீட் தட்டு, போட்டார்கள். இன்று அந்தப் பிளாட்டின் அடியைப் பாருங்கள்: செம்மண் நிறத்தில் கோடு கோடாகக் கறை இறங்கியிருக்கும். கம்பி கறள் பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீட்டை உள்ளிருந்து உடைக்கும். அடுத்தது, துண்டு துண்டாக விழும். அதன் கீழேதான் பிள்ளைகள் சைக்கிள் நிற்பாட்டுகிறார்கள்.

அந்தத் திட்டத்தில் முற்றாக அழிந்த வீட்டுக்கு 5.5 இலட்சம் ரூபா, பகுதி சேதமான வீட்டுக்கு 2.5 இலட்சம் ரூபா. அப்படிப் பிரித்ததில் பிழை சொல்வதற்கில்லை. ஆனால் நின்ற சுவர் நட்டம், விழுந்த சுவர் இலாபம் என்ற எண்ணம் அந்த நாட்களில் மனதில் பதிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். மீளக்குடியேறி இவ்வளவு காலமான பிறகும், திருத்துவது என்றால் வசதியில்லாதவன் செய்கிற வேலை என்று பார்க்கிற பார்வை போகவில்லை.

பூச்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் கூடச் செலவு வைக்கும் பிழை. இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

வவுனியா நகரின் உள்வீதிகளிலும் மன்னார்ப் பக்கத்திலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கடைகளும் வீடுகளும் இன்னும் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்து, கல் தெரிந்து, பார்க்கப் பாவமாக இருக்கும். சொந்தக்காரர் மேசனைக் கூப்பிட்டு, நல்ல சீமெந்துப் பூச்சாகத் தடிப்பாகப் போடச் சொல்லுவார். முதல் ஆறு மாதம் பளபளவென்று இருக்கும். மாரி வந்ததும் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ற் குமிழி விடும். வெள்ளையாக உப்புப் பூக்கும். மேசன் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினால் 'டொக்' என்று வெறுமையான சத்தம். விளிம்பில் கரண்டியைக் கொடுத்து நெம்பினால் பூச்சு பாய் உரிவதுபோல ஒரே துண்டாகக் கழன்று வரும். அதன் பின்னால் சுண்ணாம்புச் சாந்து நனைந்த மாவாக இருக்கும், நகத்தாலேயே சுரண்டலாம்.

காரணம் எளிது. சுண்ணாம்புச் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை எடுக்கும், பிறகு காற்றில் விட்டுவிடும். மேலே சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை, உள்ளே நின்று சுவரைத் தின்கிறது. அறுபது எழுபது வருடம் நின்ற சுவரைப் பழுதாக்கியது பழமை அல்ல, அந்தப் பூச்சு. பிறகு "பாத்தியளே, பழசைத் திருத்திப் பிரயோசனமில்லை" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான் பொருந்தும். அதற்கு முன் கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி வைத்து, முற்றத்து மண்ணைச் சுவரிலிருந்து சரித்து வெட்டவேண்டும். சில வேளைகளில் அந்த மண்வேலை மட்டுமே பாதி நோயைத் தீர்த்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. போரில் செல் (எறிகணை) விழுந்த அதிர்வில் பிளந்த சுவரைப் பூசி மறைத்து, மேலே வர்ணமும் அடித்தால், வாடகைக்கு எடுப்பவருக்கு அது நல்ல சுவர். யன்னலின் மூலையிலிருந்து சரிவாக ஏறும் வெடிப்பு, மேலே போகப் போக அகலும் வெடிப்பு, இரண்டும் அத்திவாரம் அசைவதற்கான அடையாளங்களாக இருக்கலாம். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி கோடையில் பிளக்கும், மாரியில் வீங்கும். வயல் மண்ணை நிரவிக் கட்டிய இடங்களிலும் இந்தக் கரைச்சல் உண்டு. வெடிப்பு நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. வெடிப்புக்குக் குறுக்கே சாந்தால் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதிவிடுங்கள். ஒரு மாரி கழிந்தும் கண்ணாடி உடையவில்லை என்றால் சுவர் அநேகமாக ஆறிவிட்டது. உடைந்தால் மேசனோடு நிற்பாட்டாமல் பொறியியலாளரிடம் காட்டவேண்டும். பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடமும் கேட்கலாம்.

கழற்றாமல் உடைப்பது

ஜேசிபி வந்தால் அரை நாளில் வீடு தரைமட்டம். பாலை மர வளையும் முதிரை நிலையும் அந்த அரை நாளில் விறகாகிவிடும். இன்று அந்தத் தரத்தில் மரம் வாங்கப் போனால் விலையும் தெரியும், அனுமதியின் பாடும் தெரியும். உடையாத கூரை ஓடுகளையும் அப்படித்தான் வீணாக்குகிறோம். கழற்றுகிற கூலிக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் கழற்றிய மரத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

அஸ்பெஸ்ரஸ் சீட்டை மட்டும் உடைக்கவே கூடாது. எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. முழுதாகக் கூரையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் நார் காற்றில் கலக்கிறது. தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு, முழுச் சீட்டாக இறக்கவேண்டும். உடைந்த துண்டுகளை ஒழுங்கையில் குழி நிரவப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வாகனம் ஏறி ஏறி அது தூளாகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குள்ளால்தான் நடக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. பழைய அத்திவாரத்தைக் கிளறும்போதும் தூர்ந்த கிணறு, மலசலகூடக் குழிகளை இறைக்கும்போதும் வெடிக்காத குண்டு வரலாம். கண்ணிவெடி அகற்றிய இடம் என்ற நம்பிக்கையில் தூக்கி ஓரமாக வைக்க வேண்டாம். வேலையை நிறுத்தி, ஆட்களை அப்புறப்படுத்தி, பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். இரும்புக்காக அதை வெட்டப் போய்ச் செத்தவர்களை நமக்குத் தெரியும்.

கடதாசி பார்க்காமல் கல்லைத் தொடுவது

ஏ-9 நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய கடைக்காரர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கட்டட எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது. பழைய கடை வீதியோடு ஒட்டி நிற்கும். இடித்தால், புதிய கடை அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் எழும்பலாம். சின்னக் காணி என்றால் கடையின் பாதி போய்விடும். நின்ற கட்டடத்தைத் திருத்துவதும் புதிதாகக் கட்டுவதும் அனுமதியில் வேறு வேறு விஷயம். கிளிநொச்சி நகரம் என்றால் கரைச்சிப் பிரதேச சபையிடம், மற்ற இடங்களில் அந்தந்தச் சபையிடம், இடிப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அடுத்தது காணி. வன்னியில் நிறையக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். அது சொந்த உறுதிப் பத்திரம் உள்ள உறுதிக் காணி அல்ல. பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. யாரோ ஒருவரோடு சேர்ந்து மூன்று மாடி கட்டிப் பங்கு பிரிப்போம் என்று ஒப்பந்தம் எழுதினால் அந்தக் கடதாசிக்குப் பெறுமதி இல்லை. உறுதிக் காணி என்றாலும் சகோதரங்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பங்குக் காணியில் ஒருவர் தனித்து இடிப்பது வழக்கில்தான் முடியும். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்ததென்றால், வடக்குத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி அதை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

கணவன் காணாமல் போயிருந்தால்?

இங்கேதான் வெளியாட்களும், சில வேளை நம்மவர்களும், மிக மோசமாக நடந்துகொள்கிறார்கள். அனுமதிப்பத்திரம் அவர் பேரில். மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்று அவளிடம் சொல்வார்கள். தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம், கூரை மாற்றுவதற்காக அவர் செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போடு என்பதற்கு ஈடான பேச்சு அது. 2016 இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமல் போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெற வழி இருக்கிறது. அதை எடுப்பதா இல்லையா என்பதும் அவளுடைய முடிவுதான். ஆனால் அப்படி ஒன்று உண்டு என்ற தகவலையாவது கொடுக்கவேண்டும்.

இன்னும் ஒன்று. சில தாய்மார் பழைய வீட்டின் முகப்பை மாற்ற விடமாட்டார்கள். மகன் வந்தால் வீடு பிடிபடாமல் திரும்பிப் போய்விடுவான் என்று சொல்லுவார்கள். இதை "சென்றிமென்ற்" என்று தள்ளிவைக்கிற அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். தள்ளத் தேவையே இல்லை. முன் விறாந்தையையும் படலையையும் இருந்தபடி வைத்து, பின்பக்கத்தைப் பலப்படுத்தலாம், கூரையை மாற்றலாம், குசினியைப் புதிதாகக் கட்டலாம். வரைபடம் கீறுகிறவருக்கு அது ஒரு மணித்தியாலம் கூடுதல் வேலை. ஆச்சியிடம் "எதை மாத்தக்கூடாது அம்மா?" என்று முதலில் கேட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் அவரே சம்மதிப்பார்.

ஊரைக் கேட்டோம் என்று சொல்வது

சந்தைக் கட்டடம், பொது மண்டபம், பழைய நூலகம் போன்றவற்றைப் புதுப்பிக்கும்போது கூட்டம் வைப்பார்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மரக்கறி விற்கிற அக்கா சந்தையில் இருப்பா, கூலிக்குப் போகிறவர் வயலில் இருப்பார். வந்திருப்பவர்கள் சங்கத் தலைவர்களும் ஓய்வுபெற்றவர்களும். வரைபடம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். கையெழுத்து வாங்குவார்கள், தேநீர் கொடுப்பார்கள், "மக்கள் கருத்துப் பெறப்பட்டது" என்று அறிக்கை போகும். பிறகு புதுச் சந்தையின் மேல்மாடிக் கடைகளுக்கு ஒருவரும் ஏறாமல், வியாபாரிகள் திரும்ப வீதியோரத்துக்கு வந்தால், சனத்துக்கு அபிவிருத்தி விளங்கவில்லை என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

உண்மையில் சனத்துக்கு நன்றாகவே விளங்கும். 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. சூடு, செலவு, உள்ளூர் மேசன்மாருக்கு வேலை இல்லாமை என்று இங்குள்ளவர்களும் பொறியியலாளர்களும் ஒன்றுசேர்ந்து கேள்வி கேட்டார்கள். கல்வீடுதான் வேண்டும் என்று நின்றார்கள். திட்டம் அந்த வடிவில் நடக்கவில்லை. காலத்தோடு கேட்ட கேள்விக்கு அப்படியொரு பலம் உண்டு.

கேட்கப்படாமல் நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. கிளிநொச்சியில் போரில் விழுத்தப்பட்ட தண்ணீர்த் தாங்கி, போர் முடிந்த பின்னும் வருடக்கணக்காக விழுந்தபடியே வைக்கப்பட்டு, தெற்கிலிருந்து பஸ்களில் வருபவர்கள் நின்று படம் எடுக்கும் இடமானது. அதை வைத்திருப்பதா, அகற்றுவதா, வைத்திருந்தால் அங்கே என்ன எழுதுவது என்பதில் அந்தத் தாங்கியின் தண்ணீரைக் குடித்த நகரத்துக்கு ஒரு பேச்சும் இருக்கவில்லை. ஓர் இடிபாட்டை வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஊரின் சம்மதம் வேண்டும்.

கூட்டம் வைப்பதென்றால் பின்னேரம் வையுங்கள், சந்தைக்குள்ளேயே வையுங்கள். வரைபடத்தைப் பென்சிலில் கொண்டுவாருங்கள். வேலை நடக்கிற ஒன்றரை இரண்டு வருடம் கடைக்காரர் எங்கே இருந்து விற்பார், பழைய வாடகைக்காரருக்குப் புதுக் கட்டடத்தில் எந்த இடம், என்ன வாடகை என்பதை இடிப்பதற்கு முன் எழுத்தில் கொடுங்கள். அநேகமான எதிர்ப்பு கட்டடத்தின் மீது இல்லை, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாததன் மீதுதான்.

எப்போது பார்ப்பது, எப்போது தொடங்குவது

கட்டடத்தைச் சித்திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெயிலில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். கார்த்திகை, மார்கழியில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள்: எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுச் சுவரில் குறித்து வையுங்கள். புதிய நிலமட்டம் அதற்கு மேலேதான் இருக்கவேண்டும். தை பிறந்து ஈரம் இழுத்ததும் வேலையைத் தொடங்கினால், கொங்கிறீட்டுக்கும் பூச்சுக்கும் விடுவதற்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கும். ஆவணிக்குத் தள்ளிப்போட்டால் பவுசரில் காசு கொடுத்து வாங்கவேண்டும், அந்தக் காசு மிச்சம் பிடிக்க மேசன் தண்ணீர் விடாமல் விட்டுவிடுவார்.