கூடுதல் பிஎஃப் பென்ஷன் மனு தள்ளுபடியா? முதலில் காரணத்தைப் படியுங்கள்

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்ததும் கையில் கிடைத்த பேப்பரையெல்லாம் அள்ளிக்கொண்டு சேலம் பிஎஃப் ஆபீசுக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். காரணம் எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். சில காரணங்களை ஒரு பேப்பரில் சரிசெய்துவிடலாம், சிலவற்றை அந்த ஆபீசில் யாராலும் சரிசெய்ய முடியாது.

முதல் வேலை, தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது. 1995 பென்ஷன் திட்டத்தில் கம்பெனி பங்கிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும், ஆனால் முழுச் சம்பளத்துக்கும் அல்ல. 2001 ஜூனிலிருந்து 6,500 ரூபாய் வரைக்கும், 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 வரைக்கும்தான். கூடுதல் பென்ஷன் என்பது இந்த வரம்பைத் தாண்டிய உண்மையான பேசிக், டிஏவுக்குப் பென்ஷன் கணக்கிடுவது. ஏற்காடு காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து, சம்பளம் ஒருநாளும் வரம்பைத் தொடாதவருக்கு இதில் ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2022 நவம்பர் 4 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி, 2014 செப்டம்பர் 1 அன்று வேலையில் இருந்து அதற்குப் பிறகும் தொடர்ந்த பழைய உறுப்பினர்களுக்கு வழி உண்டு, வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்கு பிஎஃப் பிடித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே ரிட்டயரானவர்கள், வேலையில் இருந்தபோதே கூடுதல் பென்ஷன் வேண்டும் என்று விருப்பம் எழுதிக் கொடுத்திருந்தால்தான் உண்டு. உறுப்பினர்கள் ஆன்லைனில் மனுப் போடும் கெடு 2023 ஜூலை 11-ஓடு முடிந்தது.

இனி தள்ளுபடிக்கு வருவோம். அதிகம் வருவது சம்பள விவரம் பொருந்தவில்லை, கம்பெனி அனுப்பவில்லை என்பதுதான். பாஸ்புக், சம்பளச் சீட்டு, கம்பெனியில் கேட்டால் கிடைக்கும் பழைய படிவம் 3ஏ (மாதவாரியாகப் பிடித்த தொகையைக் காட்டும் வருஷக் கணக்கு), இவற்றை வருஷவாரியாக அடுக்கி, எந்த மாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரே தாளில் எழுதிவிடுங்கள். அதிகாரி பெரும்பாலும் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்கு பிஎஃப் பிடிக்க வாங்கும் 26(6) அனுமதிக் கடிதம் இல்லை என்கிறார்களா? வரம்பைத் தாண்டிய சம்பளத்துக்குக் கம்பெனி பங்கும் நிர்வாகக் கட்டணமும் கட்டி, வட்டியும் ஏறியிருந்தால் மனுவைப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜூனில் பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவே சுற்றறிக்கை விட்டது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கடிதத்தில் மனு எண், யூஏஎன் (உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்) இரண்டும் இருக்கட்டும், நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். அப்புறம் இபிஎஃப்ஓவின் ஆன்லைன் புகார் தளமான இபிஎஃப்ஐஜிஎம்எஸ்ஸில் புகார் போடுங்கள். மாதாமாதம் 27-ஆம் தேதி நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமில் நேரிலும் கேட்கலாம். காரணமே சொல்லாமல் தள்ளியிருந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் உரிமை) மனுப் போட்டு, உங்கள் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

தனி டிரஸ்ட் வைத்து பிஎஃப் நடத்திய கம்பெனிக்காரர்கள் பாடு வேறு. டிரஸ்ட் விதியிலேயே சம்பள வரம்பு இருக்கிறது என்று தள்ளினால், கடிதம் எழுதிப் பயனில்லை, அது ஹைகோர்ட் ரிட் விஷயம். சேலத்துக்காரர்களுக்கு அது சென்னையில்தான், மதுரைக் கிளை இல்லை. தனியாகப் போவதைவிட, கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து போனால் வக்கீல் செலவு தாங்கும்.

மனு ஏற்கப்பட்டாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பென்ஷன் நிதிக்குப் போகாமல் விட்ட பங்கை வட்டியோடு கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும், பிஎஃப் பணத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டவர் அதைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கூடும் பென்ஷன் எத்தனை வருஷத்தில் அந்தத் தொகையை ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்.