மேடையில் பெயர் வாசிக்கப் போகிறீர்களா?

காரைக்குடிப் பக்கம் ஒரு அறுபதாம் கல்யாணத்தில் பெயர்ப் பட்டியலை வாசிக்கச் சொன்னால், ஆங்கிலத்தில் அடித்த தாளைக் கையில் வாங்காதீர்கள், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எல்தான், அழகப்பா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரிலும் அப்படித்தான். அந்த எழுத்தைப் பார்த்தே வளர்ந்த வெளிநாட்டுப் பேரன் ‘அலகப்பன்’ என்பான், ஊரில் இருக்கும் ஐயா ‘அளகப்பன்’ என்பார், ஏனென்றால் தென்மாவட்டப் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். தமிழ் வாத்தியார் மட்டும் ழகரத்தை விடமாட்டார்.

தமிழில் எழுதினாலும் எல்லாம் தீராது. தெய்வானையின் முதல் எழுத்தைத் தேங்காய் மாதிரி தொடங்குபவர்களும் உண்டு, தேவகோட்டை மாதிரி கனத்துத் தொடங்குபவர்களும் உண்டு, எழுத்து என்னவோ ஒன்றுதான். லெட்சுமணன் என்று எழுதியிருந்தால் இலட்சுமணன் என்று திருத்தி வாசிக்காதீர்கள் (இந்தத் திருத்தல் ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது), இங்கே பல வீடுகளில் அதுதான் வழக்கம்.

சந்தேகம் வந்தால் அவரிடமே, “அண்ணே, உங்க பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டுவிடுங்கள். அவருடைய ஆச்சி வேறு மாதிரி கூப்பிடலாம், பரவாயில்லை, மேடையில் அவர் சொன்னதுதான் செல்லும்.