கிணற்றுத் தண்ணீரும் புளூபெரிச் செடியும்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் புளூபெரிச் செடி நாலு மாதத்தில் செத்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்து இரண்டாவதை மாமர நிழலில் வைத்தேன். அதுவும் போனது. மூன்றாவதன் இலை மஞ்சளாகத் தொடங்கிய நாட்களில்தான், தேத்தண்ணிக்கு வைத்த கேத்திலின் அடியில் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டது. செடிக்கும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றில் ஊறுவது அந்தக் கல்லைக் கரைத்து வந்த நீர். புளூபெரிக்கோ பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண் வேண்டும். எங்கள் செம்மண் பெரும்பாலும் 7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். பிஎச் கணக்கில் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு வித்தியாசம். காட்டுப் புளூபெரியைத் தோட்டத்தில் வளர்க்கப் புளிப்பு மண் கட்டாயம் என்பதை அமெரிக்கத் தாவரவியலாளர் பிரெடெரிக் கோவில் (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்) 1910இலேயே எழுதிவிட்டார். எனக்கு அது தெரிய மூன்று செடி செலவானது.

நோயின் அடையாளம் இதுதான்: இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ‘செடிக்குச் சாப்பாடு போதவில்லை’ என்று சாம்பல், முட்டைக்கோது, ஆட்டெரு என்று கொட்டுவோம். கத்தரிக்கும் வாழைக்கும் கை கொடுக்கிற அதே பழக்கம் இதைக் கொன்றுவிடும். சாம்பலும் முட்டைக்கோதும் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பதற்குச் சமம். பொட்டாசுப் பசளையான எம்ஓபியில் குளோரைட்டு இருக்கிறது, அதையும் இதன் வேர் தாங்காது. அமோனியம் சல்பேட் போதும். சாடிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி, அதுவும் கரைத்து.

சரி, நிலத்தில் குழி வெட்டிக் கந்தகத்தூள் போட்டால்? முந்திரிகைத் (திராட்சை) தோட்டக்காரரிடம் கந்தகம் கிடைக்கும், நானும் போட்டுப் பார்த்தேன். மண்ணிலுள்ள பக்டீரியா அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும். ஆன அமிலத்தையும் கீழே கிடக்கிற சுண்ணாம்பு குடித்துவிடும். எலுமிச்சைச் சாறு, வினாகிரி எல்லாம் இரண்டொரு நாள் வேடிக்கை. நிலத்தை மறந்துவிட்டுச் சாடிக்கு வாருங்கள்.

சாடியிலும் ஒரு பொறி உண்டு. அழகாக இருக்கிறதே என்று சீமெந்துச் சாடி வாங்கினால் அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். 40, 50 லீற்றர் பிளாஸ்டிக் வாளியோ, பாதியாக வெட்டிய பீப்பாயோ நல்லது. முன்பு அதில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். நிரப்பத் தும்புத்தூளும் இலைமக்கும், கொஞ்சம் கழுவிய ஆற்றுமணலும். தும்புத்தூளில் உப்பு இருக்கும், மழைத் தண்ணீரில் மூன்று தடவை அலசிப் பிழியாமல் போடக்கூடாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் சிப்பித்தூள் இருக்கும்.

மழைத் தண்ணீர்தான் முழு விஷயமும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். செடிக்கு நாளைக்கு 3 லீற்றர் என்று வைத்தால், மழையில்லாத 200 நாளுக்கு 600 லீற்றர். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். ஆகவே பீலியில் வருவதை 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கியில் பிடித்தால் ஒரு செடிக்குத் தாராளம். சீமெந்துத் தொட்டியில் பிடித்தால் மறுபடி பழைய கதை. மாரியில் சாடி வெள்ளத்தில் நின்றாலும் வேர் அழுகும், இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். வேர் மேலாகவே ஓடுவதால் கோடையில் மேற்பரப்பு காயக்கூடாது. சவுக்குச் சருகை நாலு விரல் தடிப்புக்குப் பரப்புகிறேன். மத்தியான வெயிலுக்கு மட்டும் நிழல் போதும்.

இனி, எந்தச் செடி? கனடாவில் இருக்கிற சித்தப்பாவிடம் கேட்காதீர்கள். அங்கே வளரும் உயரப் புளூபெரி பூக்க, 7 பாகைக்குக் கீழ் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். அதோடு அனுமதிப்பத்திரம் இல்லாமல் பெட்டிக்குள் செடி கொண்டுவருவது சட்டப்படி குற்றம். எங்கள் வெக்கைக்குக் கிட்ட வரக்கூடியது தென் அமெரிக்க மாநிலங்கள் அல்ல, ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே புளோரிடா, ஜோர்ஜியாப் பக்கத்துப் பைன் காடுகளில் மணல் மண்ணில் வளரும் ‘டரோ’ என்ற பசுமைமாறாக் காட்டுப் புதர். முழங்கால் உயரம், சின்னச் சின்ன நீலம் பாய்ந்த இலை. தெற்கத்திய வகைகளின் குளிர்த்தேவை குறைந்ததற்கு இதனோடு செய்த கலப்பே காரணம். 1998இல் வெளிவந்த ‘பிலொக்சி’ அப்படிப்பட்ட தெற்கத்திய வகை. இணையத்தில் பாக்கெட்டில் விற்கிற விதையை நம்ப வேண்டாம்: முளைத்தாலும் தாய்ச்செடியின் குணம் வராது.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள், அங்கே இதன் உறவுக்காரச் சிறுமரம் நிற்கிறது, ஒரு கன்று பிடுங்கலாமே என்பார்கள். அது தேசியப் பூங்கா, இலைகூடப் பறிக்கக்கூடாது. 2000 மீற்றருக்கு மேல் குளிரில் நிற்கும் மரம் இங்கே வந்து என்ன செய்யும்?

பழத்தைப் பற்றியும் பெரிய கனவு வேண்டாம். பூமொட்டு கட்ட இரவுக் குளிர் வேண்டும், எங்களிடம் அது தையில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். போன வருசம் எனக்குக் கிடைத்தது இரண்டு கைப்பிடி. பழத்துக்காகத்தான் என்றால் நாவலோ கிளாவோ நடுங்கள், அவை கிணற்றுத் தண்ணீருக்குக் கோபிக்காது.

காய்த்துவிட்டால், நீலமான அன்றே பறிக்க வேண்டாம். காம்படியில் சிவப்பு இருக்கும்வரை புளிக்கும், இன்னும் மூன்று நாலு நாள் விடுங்கள். இந்தக் கணக்கு கொண்டைக்குருவிக்கும் தெரியும் என்பதால் பழைய நுளம்பு வலை ஒன்றை எடுத்து வையுங்கள்.