தாமான் வேலைக்குத் தொண்டராக இறங்குவது எப்படி: நான் தொடங்கிய வரிசையில்

எங்கள் பின்சந்தில் ஏழு மாதம் விளக்கு எரியவில்லை. செந்தூலில் வரிசை வீடுகளும் ஐந்து மாடி அடுக்குமாடியும் ஒட்டி நிற்கும் தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, எங்களுடையது. இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் அந்தச் சந்துக்குப் பயந்து பெரிய சாலை வழியாகச் சுற்றி வந்தார்கள். அந்த ஒரு விளக்கை எரிய வைக்கப் போய்த்தான் இந்த வேலைக்குள் வந்தேன். இப்போது எங்கள் ருக்குன் தெத்தாங்கா, அதாவது அண்டைவீட்டார் அமைப்பின், செயலாளராக இருக்கிறேன். “எங்க தாமான்லயும் ஏதாவது செய்யணும், எங்க ஆரம்பிக்கிறது?” என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கதவைத் தட்டுங்கள்

சங்கம், பதவி, சட்டை எல்லாம் அப்புறம். சனி, ஞாயிறு மாலை ஐந்து மணி நல்ல நேரம். மக்ரிப் தொழுகைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரே கேள்வி போதும்: “இங்க உங்களுக்கு எது தொந்தரவா இருக்கு?” கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். நான் விளக்கைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்துப் போனேன். முனை வீட்டுச் சீன அன்டி என்னைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், கால்வாய் மூடியின் உடைந்த மூலையைக் காட்டினார். சக்கர நாற்காலியில் இருக்கும் கணவரை வெளியே கூட்டிவரும்போதெல்லாம் அதன் மேல் ஒரு பழைய பலகையைப் போடுகிறார். பத்து வருடம் அதே தெருவில் இருந்தும் அந்தப் பலகை என் கண்ணில் பட்டதில்லை.

குறித்துக்கொள்ள மளிகைக் கடையில் கிடைக்கும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகமே எனக்குப் பிடித்தது. கைப்பேசியைத் தட்டிக்கொண்டே பேசினால் வயதானவர்கள் சுருங்கிவிடுகிறார்கள். வீட்டு எண், தேதி, சொன்ன விஷயம், நான் என்ன செய்தேன். இந்த நான்கு போதும்.

இது யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். விளக்குக்காக ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்து “எங்கள் பொறுப்பில் இல்லை” என்று பதில் வந்தது. இன்னொன்றுக்கு எழுதினேன், அதே பதில். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட்டு, மறுபடியும் இன்னும் காரமாக எழுதினேன். நான்கு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் இரவு டார்ச்லைட்டோடு சந்து முழுக்க நடந்தேன். சாலையோரக் கம்பங்கள் எல்லாவற்றிலும் ஆள் உயரத்தில் எண் இருந்தது. எரியாத கம்பத்தில் மட்டும் எண்ணே இல்லை. மறுநாள் அடுக்குமாடியின் நிர்வாக அறைக்குப் போனேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கட்டட வரைபடம் தொங்கியது. நிலத்தின் எல்லைக்கோடு கால்வாயையும் தாண்டிப் போனது, எங்கள் பின்சந்து கோட்டுக்கு உள்ளே இருந்தது. அந்த விளக்கு அடுக்குமாடிக்காரர்களின் பொதுச் சொத்து! இரண்டு அலுவலகமும் சொன்னது சரிதான். நிர்வாகக் குழுவிடம் பேசினேன், ஒன்பதாம் நாள் எலக்ட்ரிஷியன் வந்தார், 180 வெள்ளியில் (ரிங்கிட்) வேலை முடிந்தது.

எனவே எழுதும் முன் இடத்தைப் பாருங்கள். கோலாலம்பூரில் தெருக் கால்வாய் என்றால் மாநகர மன்றம், அதாவது டிபிகேஎல். ஆறு என்றால் வடிகால் துறை, அதாவது ஜேபிஎஸ். தண்ணீர்க் குழாய் ஆயர் சிலாங்கூர், கழிவுநீர்க் குழாய் இண்டா வாட்டர், குப்பை ஆலாம் புளோரா. சாலை மட்டும் டிபிகேஎல்லா, பொதுப்பணித் துறையா, வீடு கட்டிய மேம்பாட்டாளர் இன்னும் ஒப்படைக்காத தனியார் நிலமா என்று விசாரிக்க வேண்டும். புகாரில் கம்ப எண், பக்கத்து வீட்டு எண், பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம் வையுங்கள். புகார் எண்ணை 555-இல் எழுதிவிடுங்கள். அடுத்த முறை “அந்த விளக்கு” என்று தொடங்காமல் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள், பேச்சே மாறிவிடும்.

முதல் கோத்தோங் ரோயோங்

கோத்தோங் ரோயோங் என்றால் எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. ஞாயிறு காலை எட்டு மணி, இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பழைய மெத்தை, அலமாரி போட ரோரோ தொட்டிக்கு (பெரிய குப்பைத் தொட்டி) முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கடைசி வாரத்தில் கிடைப்பது கடினம். அறிவிப்பு மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் இருக்கட்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) மட்டும் போட்டால் பெரியவர்களுக்குப் போய்ச் சேராது. மின்தூக்கி இருந்தால் அதன் கதவருகே ஒட்டுங்கள், மாமாக் உணவுக் கடையிலும் ஒன்று.

டிங்கிக் காய்ச்சலைத் தடுக்கச் செய்கிறீர்கள் என்றால் பூச்சட்டித் தட்டில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி நீர் பட்டால் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம்தான். ஆகவே வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஒரு தட்டை நீங்களே தேய்த்துக் காட்டுங்கள்.

பதிவு

இரண்டு வழி உண்டு. ருக்குன் தெத்தாங்கா 1975-இல் இரவு ரோந்துக்காகத் தொடங்கியது, இப்போது 2012-ஆம் ஆண்டின் 751-ஆம் சட்டத்தின் கீழ், ஒற்றுமைத் துறையின் பார்வையில் நடக்கிறது. உங்கள் இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் புதிதாகத் தொடங்காதீர்கள், அதிலேயே போய்ச் சேருங்கள். குடியிருப்பாளர் சங்கம் என்றால் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு, குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். கூட்டம் முடிந்த அன்று இரவே குறிப்பை எழுதி முடித்துவிடுங்கள். பணம் ஐந்து வெள்ளியாக இருந்தாலும் ரசீது கொடுங்கள்.

பிற்சேர்க்கை: பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் குப்பைக்கு எந்த எண் என்று கேட்டிருந்தார். மேலே சொன்ன பட்டியல் கோலாலம்பூருக்கு மட்டும். திடக்கழிவுக்கான 672-ஆம் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை, அங்கே குப்பை மாநகர் மன்றத்தின் வேலை. தீவு என்றால் எம்பிபிபி, உங்கள் பக்கம் எம்பிஎஸ்பி. தண்ணீருக்கு பினாங்குத் தண்ணீர் நிறுவனமான பிபிஏபிபி.

இன்னொன்று: புது கொண்டோமினியத்தில் இருக்கும் ஒரு தங்கை, நிர்வாகக் குழுவே இல்லை, யாரைக் கேட்பது என்று எழுதியிருந்தார். 2013-ஆம் ஆண்டின் 757-ஆம் சட்டப்படி, வீடு ஒப்படைத்த 12 மாதத்துக்குள் மேம்பாட்டாளர் முதல் கூட்டத்தைக் கூட்டி கூட்டு நிர்வாகக் குழுவை அமைக்க வேண்டும். காலம் கடந்திருந்தால் கட்டட ஆணையரிடம், அதாவது சிஓபியிடம், எழுதுங்கள். தனியாக எழுதாமல் உங்கள் மாடியில் நாலைந்து வீட்டாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சாவி வாங்கிய கடிதத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள் தங்கச்சி, தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.