கேழ்வரகு முளைச்சாறு வடிக்கும் குழாய்ச் சட்டகம்

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்துப் பெறும் இனிப்புச் சாற்றை வடிக்க, அதை ஊறவைக்கும் (சூடு தணியாமல் காக்கும்) ஐஸ் பெட்டியின் அடியில் பொருந்துமாறு அரை அங்குலச் செப்புக் குழாய்களைச் செவ்வகமாக இணைத்து, வெளிக்குழாயோடு பொருத்த வேண்டும். குழாய்களில் அரை அங்குல இடைவெளியில், பாதி விட்டத்தைத் தாண்டாமல், இரும்பறுக்கும் ரம்பத்தால் கீறலிட்டு, பிசிறுகளை அரத்தால் நீக்கி, கீறல்கள் கீழ்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் அடியில் சாறு தேங்கிவிடும். மூலைகளைப் பற்றவைக்க வேண்டாம். கழற்றிக் கழுவ முடியாத குழாயில் புளித்த நாற்றம் தங்கிவிடும். பார்லிக்கு அதன் உமியே வடிகட்டி. கேழ்வரகுக்கு அந்த வசதி இல்லாததால், கழுவிய நெல் உமியைக் கலக்காவிட்டால் கீறல்கள் அடைத்துக்கொள்ளும். இச்சாற்றை வீட்டில் பீராக்குவதைத் தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது, இனிப்பாகவே குடிக்கலாம். வடிக்கும்போது முதலில் வரும் கலங்கலான சாற்றை மீண்டும் பெட்டியிலுள்ள கேழ்வரகின் மேலே ஊற்ற வேண்டும்.