ஹார்ட் அட்டாக்குன்னு லோடிங் டோஸ் குடுக்கும் முன்ன அயோர்ட்டாவ ஸ்கேன்ல ஒரு எட்டு பாத்துருங்க

அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் சின்ன ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாக்குற புது டாக்டர்களுக்குத்தான் இது. "நெஞ்சுல ஆரம்பிச்சு முதுக கிழிச்சிட்டுப் போவு டாக்டரே"ன்னு ஒரு அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து வாராரு, ஈசிஜில இன்ஃபீரியர் லீட்ல (இதயத்தோட அடிப்பக்கத்தக் காட்டுறது) எஸ்டி ஏறியிருக்கு, ஹார்ட் அட்டாக்குன்னு நம்ம கை தானா ரத்தக்கட்டிய கரைக்குற ஸ்ட்ரெப்டோகைனேஸ் பக்கம் போவும். கொஞ்சம் பொறுங்க. இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவோட உள்சுவரு கிழிஞ்சு, இதயத்துக்கே ரத்தம் குடுக்குற வலது கரோனரியோட வாய அடைச்சாலும் இதே ஈசிஜிதான், அதுல போயி கட்டிய கரைக்க மருந்த ஏத்துனா ஆளு கைவிட்டுப் போயிருவாரு.

ரெண்டு கையிலயும் பிபி பாருங்க. 20க்கு மேல வித்தியாசம்னா சந்தேகம் கூடணும்.

இப்போ அல்ட்ராசவுண்ட் மெஷின்ல இதயம் பாக்குற கார்டியாக் ப்ரோப். "அண்ணாச்சி, இடது பக்கமா ஒருச்சாஞ்சு படுங்க"ன்னு சொல்லிட்டு, நெஞ்செலும்புக்கு இடதுல மூணாவது நாலாவது விலா இடுக்குல வச்சு, மார்க்கர வலது தோளப் பாக்க திருப்புங்க. அயோர்ட்டா வேர் 4 செ.மீ.க்கு மேல இருந்தா வீங்கியிருக்குன்னு அர்த்தம். அதுக்குள்ள மெல்லிசா ஒரு கோடு, கொடியில காயப்போட்ட துணி மாதிரி தன்பாட்டுக்கு ஆடுனா அதுதான் ஃப்ளாப், கிழிஞ்ச உள்சுவரு. சுவரு கூடவே ஒட்டி அசையுற கோடு பெரும்பாலும் மெஷின் காட்டுற பொய், வேற வியூலயும் தெரியுதான்னு பாக்காம நம்பாதீங்க. கலர் போட்டு வால்வு பின்பக்கமா ஒழுகுதா, இதயத்தச் சுத்தி நீர் இருக்கா, இடது ஏட்ரியத்துக்குப் பின்னால வட்டமா தெரியுற இறங்கு அயோர்ட்டா எப்படி இருக்கு, இதையும் அதே வியூலயே பாத்துரலாம்.

தோளுக்குக் கீழ தலகாணி வச்சு கழுத்துக்குழில வச்சா ஆர்ச் தெரியும். சிலருக்கு தெரியாது, நேரத்த வீணாக்க வேண்டாம்.

அடுத்து வளைஞ்ச ப்ரோப்ப மேல்வயித்துல குறுக்க வைங்க. முதுகெலும்போட கறுப்பு நிழலுக்கு முன்னால, ஸ்க்ரீன்ல வலதுபக்கம் துடிக்கது அயோர்ட்டா. தொப்புள் வரைக்கும் இறங்கிக்கிட்டே வெளிச்சுவர்ல இருந்து வெளிச்சுவருக்கு அளங்க, 3 செ.மீ. ஆச்சுன்னா அனியூரிசம் (குழாய் வீக்கம்). ராத்திரி புரோட்டாவ வெளுத்துட்டு வந்த ஆளுன்னா குடல்ல இருக்க கேஸ் மறைக்கும், அவசரப்படாம மெதுவா அமுக்கிக்கிட்டே இருந்தா குடல் விலகிக் குடுக்கும்.

ஒண்ணும் தெரியலன்னா இல்லன்னு எழுதிராதீங்க, சந்தேகம் பலமா இருந்தா சிடி ஆஞ்சியோ எடுத்தே ஆவணும். ஃப்ளாப் தெரிஞ்சா ரத்தம் உறையாம பாக்குற ஹெப்பாரின், கட்டிய கரைக்குற லைசிஸ் ரெண்டும் கிடையாது. வலிக்கு மருந்து, பிபி தாங்குனா பிபியையும் பல்ஸையும் குறைக்குற லேபெட்டலால் போட்டு பல்ஸ் 60க்குக் கீழ, சிஸ்டாலிக் (மேல் பிபி) 100-120. இதயத்தச் சுத்தி நீர் கோத்து பிபி விழுந்த ஆளுக்கு இது ஆவாது. ஐகிரவுண்டுக்கு (திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி) அனுப்புறதா இருந்தா முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லி, லெட்டர்ல வேரோட அளவையும் ரெண்டு கை பிபியையும் எழுதி, க்ளிப்ப ஒரு போன்ல எடுத்து கூடவே அனுப்புங்க.